ஆலங்கட்டி விழுந்த வண்டி: ஒடுக்கு எடுப்பதும் இன்சூரன்ஸ் கிளைமும்

#1 நீலக்கார்

செடான். ரூஃப், பானட், டிக்கி மூணுலயும் ஆலங்கட்டி ஒடுக்கு. ஒரு பக்கக் கதவுகள்லயும் கொஞ்சம் இருக்கு. பெயின்ட் உடைஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியல. பின்கண்ணாடி நொறுங்கிப்போச்சு, முன்கண்ணாடில ஓரமா ஒரு தெறிப்பு. சன்ரூஃப் வண்டி. முழுக் காப்பீட்டு பாலிசி நடப்புல இருக்கு.

முதல்ல எங்க போகணும், இன்சூரன்ஸா வொர்க்‌ஷாப்பா? பட்டி வச்சு பெயின்ட் அடிக்கிறதா, பெயின்ட்டைத் தொடாம ஒடுக்கு எடுக்கிறதா? சர்வேயர் வரும்போது எதைக் கவனிக்கணும்? விவரமாச் சொல்லுங்க.

#2 மதிப்பீட்டுமேசை

இன்சூரன்ஸ்தான் முதலில். ஆனால் போன் செய்வதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நொறுங்கிய பின்கண்ணாடி வழியாக அடுத்த மழை உள்ளே இறங்கினால், அதனால் கெடும் சீட்டையும் ஒயரிங்கையும் தனிச் சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏற்பட்ட சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் பொறுப்பு என்று ஏறக்குறைய எல்லா பாலிசிகளிலும் எழுதியிருக்கும். ஆகவே படம் எடுத்த கையோடு கெட்டியான பாலித்தீன் ஷீட்டை வெளிப்பக்கம் போர்த்தி ஒட்டிவிடுங்கள். பார்சல் டேப்பை நேராகப் பெயின்ட்டில் ஒட்டாதீர்கள். வெயில் பட்டால் பசை கிளியர்கோட்டில் (பெயின்ட்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) தங்கிவிடும். அடியில் மாஸ்கிங் டேப், அதன் மேல் மற்ற டேப். வாங்கிய ரசீதை வைத்திருங்கள், தற்காலிகப் பாதுகாப்புச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கும்.

படங்கள்: நான்கு மூலையிலிருந்தும் முழு வண்டி, நம்பர் பிளேட் தெரியும்படி. ஓடோமீட்டர், சேஸிஸ் எண். அதன் பிறகு ஒவ்வொரு பேனலும் (ரூஃப், பானட், கதவு போன்ற வெளித்தகடுகள்) தனித்தனியாக. ஒடுக்கை நேருக்கு நேர் எடுத்தால் படத்தில் விழாது. பேனலோடு பேனலாகக் கண்ணை வைத்து, ஒரு ஜன்னல் கம்பியோ டியூப் லைட்டோ அதில் பிரதிபலிக்கும்படி சாய்வாக எடுங்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய பிரதிபலிப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் ஒடுக்கு. தரையில் கட்டி கரையாமல் கிடந்தால் ஸ்கேலை அருகில் வைத்து அதையும் எடுங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், எனவே மூல ஃபைலைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

கிளைம் பதியும்போது ஆலங்கட்டி விழுந்த நாள், நேரம், வண்டி நின்ற இடம் மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள். வானிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "போன வாரம் ஏதோ ஒரு நாள்" என்று சொன்ன கிளைம்கள்தான் தேவையில்லாமல் விசாரணைக்குப் போகின்றன. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு பாலிசியிலேயே இருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு ஆலங்கட்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. இதைப் படிக்கும் மற்றவர்களும் தங்கள் பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும்.

பார்வையிடல் முடியும் வரை ஒரு ஒடுக்கைக்கூட யாரும் தட்டக் கூடாது.

#3 நெம்புகம்பி

பெயின்ட் உடையலைன்னா பெயின்ட் தொடாத ஒடுக்கு வேலைதான், அதாவது பி.டி.ஆர். இந்த வேலைக்கு ஆலங்கட்டி ஒடுக்கு மாதிரி தோதான ஒடுக்கு வேற கிடையாது. உருண்டைக் கட்டி விழுந்த பள்ளம், ஓரம் கூர்மையா இருக்காது, தகடு அதிகம் இழுபட்டிருக்காது.

இதுல அளவு முக்கியம். கட்டியோட விட்டம் ரெண்டு மடங்கானா எடை 8 மடங்காகும், விழுற வேகமும் கூடும். ரெண்டும் சேர்ந்து மோதுற ஆற்றல் 16 மடங்கு ஆயிடும். 2.5 செ.மீ. கட்டி மணிக்கு 40 கி.மீ. வாக்குல விழும், 4.5 செ.மீ. கட்டி 65 கி.மீ. பக்கம் வரும். அதனாலதான் ஒரு அளவு வரைக்கும் ஒண்ணுமே ஆகாத வண்டி, கொஞ்சம் பெரிய கட்டி விழுந்ததும் மொத்தமா அம்மை போட்ட மாதிரி ஆயிடுது. வெளித்தகடு பெரும்பாலும் 0.7 மி.மீ. வாக்குலதான் இருக்கு. ரூஃப், பானட் நடுப்பகுதி மாதிரி வளைவு குறைஞ்ச இடம் சுலபமா ஒடுங்கும். மடிப்புக் கோடு ஓடுற இடம் தாங்கும். ஆனா அங்க ஒடுங்கினா எடுக்கிறது கஷ்டம்.

வேலை எப்படி நடக்கும்னா: பேனல்ல கோடு கோடா விழுற எல்.இ.டி. லைட் வைப்போம். ஒடுக்கோ மேடோ இருக்கிற இடத்துல கோடு நேரா இல்லாம வளைஞ்சு தெரியும். பின்பக்கத்துல இருந்து கம்பி விட்டு, முனை ஒடுக்கோட ஆழமான புள்ளிக்குக் கீழ இருக்கான்னு லைட்ல பாத்துட்டுத்தான் முதல் அழுத்தம். கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: ஒவ்வொரு ஒடுக்கையும் சுத்தி ஒரு மெல்லிசு மேடு வளையமா எழும்பியிருக்கும். அந்த வளையம்தான் பள்ளத்தைப் பூட்டி வச்சிருக்கு. அதை நைலான் முனைக் குச்சியால லேசாத் தட்டி இறக்காம நடுவுல மட்டும் நெம்பினா, நடுவுல ஊசி மாதிரி ஒரு மொட்டு எழும்பும், சுத்தி பள்ளம் அப்படியே நிக்கும். ஓரத்துல இருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அழுத்தமா வரணும். நாலு பெரிய நெம்பலை விட நாப்பது சின்ன அழுத்தம் நல்லது.

கம்பி எட்டாத இடத்துல பசை வச்சு இழுப்போம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, ஒடுக்கை விடக் கொஞ்சம் சின்ன பிளாஸ்டிக் டேபை (இழுக்கிறதுக்கான பிடி, ஒட்டுற டேப் இல்ல) சூட்டுப் பசையால ஒட்டி, ஆறினதும் மினி லிஃப்டரோ ஸ்லைட் ஹேமரோ (ரெண்டும் இழுக்கிற கருவி) வச்சு இழுக்கிறது. கொஞ்சம் மேடாவே வரும், அதைத் தட்டி இறக்கிடலாம். டேப் மேலயும் ஆல்கஹால் விட்டாத்தான் பசை பெயின்ட்டைப் பிய்க்காம கழலும். பேனல் ஜில்லுன்னு இருக்கும்போது நெம்பவும் கூடாது, இழுக்கவும் கூடாது. குளிர்ல பெயின்ட் விறைச்சு நிக்கும், முடிக்கோடு (முடி மாதிரி மெல்லிசு விரிசல்) விழும். ஹீட் கன்னால தொட்டா வெதுவெதுப்பா இருக்கிற வரைக்கும் சூடு காட்டிட்டுத்தான் கை வைக்கணும்.

உங்க வண்டில ஏற்கனவே வேற காரணத்துக்காகப் பெயின்ட் அடிச்ச பேனல் இருந்தா வேலைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பட்டி போட்ட பேனலை நெம்பினா பட்டி உடைஞ்சு வரும். மறுபெயின்ட் அடிச்ச பேனல்ல பசை டேப் இழுத்தா பெயின்ட்டோட வரலாம். பெயின்ட் தடிமன் மீட்டர் வச்சா தெரிஞ்சிடும்: கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வாக்குல இருக்கும், 250-க்கு மேல போனா மறுபெயின்ட், 1000-ஐத் தாண்டினா உள்ள பட்டி.

#4 நீலக்கார்

நன்றிங்க. ஹேர் டிரையரால சூடாக்கி உடனே டிரை ஐஸ் வச்சா ஒடுக்கு தானா வெளிய வரும்னு வீடியோ நிறைய இருக்கே? கிளைம் போடாமலே அதுல முடிஞ்சிடுமா?

#5 நெம்புகம்பி

முடியாது. அந்த வீடியோல வர்றது பெரிய, ஆழமில்லாத, உள்ள அமுங்கி நிக்கிற நெளிவு. அதுல தகடு நிரந்தரமா வடிவம் மாறியிருக்காது. எது தொட்டாலும் டப்புன்னு வெளிய வரும். ஆலங்கட்டி ஒடுக்குல தகடு நிரந்தரமா உருமாறியிருக்கு, சுத்தி அந்த வளைய மேடும் இருக்கு. சூடு, குளிர் வச்சு அந்த மேடு இறங்காது. டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. சூடான கிளியர்கோட் மேல வச்சா பெயின்ட் விரிசல் விட்டு, பி.டி.ஆர்.ல முடிய வேண்டிய பேனல் பெயின்டிங்குக்குப் போயிடும். வெறும் கையில தொட்டா தோல் கருகும். அதுக்கும் மேல, நீங்களே செஞ்ச விரிசலை சர்வேயர் ஆலங்கட்டிக் கணக்குல சேர்க்க மாட்டார்.

#6 மதிப்பீட்டுமேசை

சர்வேயர் பார்வையிடும் நாளுக்கு வருவோம். கிளைம் தொகை பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துங்கள். தூசி படிந்த ரூஃபில் பாதி ஒடுக்கு தெரியாது. சேதம் அப்படியே இருக்கட்டும் என்று சேறோடு கொண்டுவருபவர்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். உச்சி வெயிலில் திறந்தவெளியில் பார்க்கக் கூடாது, ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் பள்ளம் மறைந்துபோகும். நிழலான கூரைக்கு அடியில், கோட்டு லைட் (மேலே சொன்ன, கோடு கோடாக விழும் லைட்) வைத்துப் பேனல் பேனலாகப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிய ஒடுக்குகளை கிரீஸ் பென்சிலால் குறித்தால் இரண்டு தடவை எண்ணுவதும் விட்டுப்போவதும் இருக்காது. அழியாத மார்க்கர் பேனா வேண்டாம்.

பி.டி.ஆர். மதிப்பீட்டுக்கு ஓர் அட்டவணை உண்டு. ஒரு பக்கம் பேனல் பெயர். குறுக்கே ஒடுக்குகளின் எண்ணிக்கை அடுக்கு, 1 முதல் 5, 6 முதல் 15, 16 முதல் 30, 31 முதல் 50 என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒடுக்கின் அளவு வகை. அளவு வகை பெரும்பாலும் நாணய அளவில், சுமார் 18 மி.மீ.யில் தொடங்கி 30 மி.மீ. வரை. அதற்கும் பெரியது தனியாகச் சேர்க்கப்படும். நிறுவனத்துக்கு நிறுவனம் அடுக்குகள் கொஞ்சம் மாறினாலும் கட்டமைப்பு இதுதான். எண்ணிக்கை ஒன்று கூடினால் ஒரு அடுக்கு மாறும் இடங்கள் உண்டு: பானட்டில் 30 என்று எழுதுவதற்கும் 31 என்று எழுதுவதற்கும் தொகை வேறு. நீங்களும் பக்கத்தில் நின்று ஒரு தாளில் பேனல் வாரியாக எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சண்டைக்காக அல்ல, பிறகு எஸ்டிமேட்டோடு ஒப்பிட ஒரு ஆதாரம் வேண்டும்.

எஸ்டிமேட்டில் அடிப்படைத் தொகை தவிர வேறு வரிகளும் இருக்க வேண்டும். ரூஃப் லைனிங் (கூரையின் உள்பக்கத் துணி அட்டை) இறக்கி மாட்டும் கூலி, பானட் அடிப்பக்க இன்சுலேஷன் பேட் கழற்றும் கூலி, டெயில் லைட் கழற்றும் கூலி, ஒருமுறை மட்டுமே பயன்படும் கிளிப்கள், ரூஃப் ஓர ரப்பர் பட்டைகள். அலுமினியப் பேனல் என்றால் பெரும்பாலான அட்டவணைகளில் 25 சதவீதம் கூடுதல். முதல் எஸ்டிமேட்டில் இவற்றில் பாதி இருக்காது. ஆப்பில் படம் ஏற்றி மட்டும் வாங்கிய எஸ்டிமேட் என்றால் இன்னும் மோசம். படத்தில் சிறிய ஒடுக்கு விழுவதே இல்லை.

#7 பெயின்ட்பூத்

பி.டி.ஆர். நல்லதுதான். ஆனா எல்லாத்துக்கும் அதுதான்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. மூணு இடத்துல அது சரிவராது.

ஒண்ணு, பெயின்ட் உடைஞ்ச ஒடுக்கு. கண்ணுக்குத் தெரியலைன்னு விட்டுடாதீங்க, நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்க, லென்ஸ் வச்சுப் பாருங்க. முடிக்கோடு இருந்தா அது வழியா ஈரம் இறங்கி, நாள்பட பெயின்ட்டுக்கு அடியில துரு பூக்கலாம். ரெண்டு, பானட் ஓர மடிப்பும் ரூஃப் பக்கச் சட்டமும். உள்ள ரெண்டு தகடு சேர்ந்து ஒட்டியிருக்கும், கம்பி போகாது. ரூஃப் பக்கச் சட்டத்துல நிறைய வண்டிகள்ல அதிவலு ஸ்டீல் வேற. மூணு, தகடு இழுபட்டுப்போன பெரிய ஒடுக்கு. எவ்வளவு நெம்பினாலும் அமுக்கினா உள்ள போகும், விட்டா வெளிய வரும். டின் டப்பா அடி மாதிரி டொக்குடொக்குன்னு பேசும். அதை நெம்பி நெம்பி நிறுத்த முடியாது, சுருக்கணும் இல்ல பேனல் மாத்தணும்.

பானட், டிக்கி மூடி ரெண்டும் நட்டு போல்ட்டுல நிக்கிற பேனல். நூத்துக்கு மேல ஒடுக்கு இருந்தா மாத்திட்டு பெயின்ட் அடிக்கிறது சில வண்டிக்குச் செலவும் குறைவு, நேரமும் குறைவு.

#8 நெம்புகம்பி

மூணு இடமும் சரி, ஒத்துக்கிறேன். பானட் மாத்துறதுல மட்டும் ஒரு விஷயம் சேர்க்கணும். மெட்டாலிக், முத்து நிறம் எதுவா இருந்தாலும் புதுப் பானட்டுக்கு அடிச்ச நிறம் பக்கத்து ஃபெண்டரோட ஒட்டாது. ஒட்ட வைக்க ரெண்டு ஃபெண்டர்லயும் நிறத்தைக் கரைச்சு விட்டு முழு பேனலுக்கும் கிளியர் அடிக்கணும். அப்போ ஒரு பேனலுக்காக மூணு பேனல்ல கம்பெனி பெயின்ட் போகுது. விற்கும்போது வாங்க வர்றவர் மீட்டர் வச்சா "முன்னாடி அடிபட்ட வண்டி"ன்னுதான் நினைப்பார். ஆலங்கட்டின்னு சொல்லி நம்ப வைக்கணும்.

ரூஃப் விஷயத்துல பிடிவாதமாவே சொல்றேன்: ரூஃப் தகடு மாத்துறதுக்கு சுலபமா சம்மதிக்காதீங்க. அது வெல்டிங்கும் ஒட்டுப் பசையும் சேர்ந்து நிக்கிற பேனல். முன்கண்ணாடி, பின்கண்ணாடி ரெண்டையும் எடுத்து, கம்பெனி வெல்டை அறுத்து, புதுசு வச்சு வெல்டு அடிச்சு, உள்பக்கம் துருத் தடுப்பு போட்டு, சீலர் வச்சு முடிக்கணும். ஒரு இடத்துல சீலர் விட்டாலும் தண்ணி இறங்கும், துரு பிடிக்கும். நூத்துக்கணக்குல ஒடுக்கு இருந்தாலும் பெயின்ட் முழுசா இருக்கிற ரூஃபை எடுத்துடலாம். ரெண்டு மூணு ஒடுக்கு வராம நின்னா "நெம்பிட்டு பெயின்ட்"னு ஒரு வழி இருக்கு: பி.டி.ஆர்.ல முக்கால்வாசிக்கு மேல எடுத்துட்டு, மிச்சத்துக்கு மெல்லிசு பட்டி, பிரைமர், பெயின்ட். வெல்டை அறுக்கிறதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

#9 பெயின்ட்பூத்

ரூஃபைப் பொறுத்தவரை நீங்க சொல்றதுதான் சரி. பட்டி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. ரூஃப் வெயில்ல கொதிக்கும், ராத்திரி ஆறும். கெட்டிப் பட்டி அதுல விரிசல் விடும், இல்லேன்னா வட்டமா அச்சுத் தெரியும்.

#10 நெம்புகம்பி

ரூஃப் லைனிங் இறக்குறதைப் பத்தித் தனியா எழுதணும், ஏன்னா ஒடுக்கு வேலையை விட அதிகமா வம்பு வர்ற இடம் அதுதான்.

ரூஃப் ஓரத்துல திரை ஏர்பேக் சுருண்டு படுத்திருக்கும். பேட்டரி நெகட்டிவ் கழட்டி, வண்டிக் கையேடு சொல்ற நேரம் காத்திருந்துதான் தூண் டிரிம்மை (ரூஃபைத் தாங்குற தூணை உள்பக்கம் மூடுற உறை) தொடணும். ஏர்பேக் யூனிட்டோட கெபாசிட்டர்ல சார்ஜ் கொஞ்ச நேரம் நிக்கும். தூண் டிரிம் கிளிப் சில வண்டில ஒருமுறை கழட்டினா மறுபடி போடக் கூடாது. பழசையே சொருகினா ஏர்பேக் விரியும்போது டிரிம் தனியாத் தெறிச்சு வரும். புதுக் கிளிப் போட்டதுக்கு பில்லுல வரி இருக்கணும்.

லைனிங் அட்டையை முழுசா வெளிய எடுக்காம பின்பக்கம் மட்டும் தொங்கவிட்டு வேலை செய்றவங்க இருக்காங்க. அட்டை மடிஞ்சா அந்த மடிப்பு நிரந்தரம். முன் சீட்டை முழுசாச் சாய்ச்சு, கதவு வழியாவோ பின்வழியாவோ நேரா எடுக்கணும். கை கிளவுஸ் சுத்தமா இருக்கணும், லைனிங் துணியில கறை பிடிச்சா போகாது.

அடுத்தது, ரூஃபுக்குக் குறுக்கே ஓடுற சட்டங்கள். அந்தச் சட்டத்துக்கும் ரூஃப் தகடுக்கும் நடுவுல மெத்துமெத்துன்னு ஒரு பசைப் புள்ளி இருக்கும், அதிர்வைத் தடுக்கிறதுக்கு. கம்பி விடறதுக்காக அதை அறுத்திருந்தா, முடிச்சதும் அதே மாதிரிப் பசை திரும்ப வைக்கணும். வைக்கலைன்னா வேகம் எடுக்கும்போது ரூஃப் பறை அடிக்கும்.

கதவுல, டிக்கி மூடி உள்சட்டத்துல, தூண்ல துளை போட்டு கம்பி விடறேன்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. துளை போட்ட இடத்துல கம்பெனியோட துருத் தடுப்புப் பூச்சு போயிடும், துருவுக்கான உத்தரவாதத்தை அதைக் காட்டியே மறுக்கலாம். கதவுக்கு கண்ணாடியை இறக்கி, ஓர ரப்பரை எடுத்து, கண்ணாடிக்குக் காப்பு வச்சு மேல இருந்தே கம்பி விடலாம். டெயில் லைட்டைக் கழட்டினா பின்பக்கத்துக்கு வழி கிடைக்கும். பொறுமை இருந்தா துளை தேவையே இல்லை.

#11 கண்ணாடிவேலை

கண்ணாடி பத்தி யாரும் விவரமாச் சொல்லல.

முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்ச லேமினேட்டட் கண்ணாடி, அதனால தெறிக்கும், நொறுங்காது. தெறிப்பு சுமார் 2.5 செ.மீ.க்குள்ள இருந்து, ஓட்டுநர் நேரா பார்க்கிற இடத்துல இல்லாம, ஓரத்தைத் தொடாம இருந்தா ரெசின் (ஒளிபுகுற பிசின்) ஏத்தி நிறுத்திடலாம். நீங்க "ஓரமா"ன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் கவலை. ஓரத்துல இருக்கிற தெறிப்பு உடல் முறுக்கத்துல விரிசலா ஓடும். ரெசின் ஏத்துற வரைக்கும் மேல ஒரு ஒளிபுகு டேப் ஒட்டி தூசி, ஈரம் போகாமப் பாருங்க. உள்ள ஈரம் போனா ரெசின் பிடிக்காது. வெயில்ல சூடான கண்ணாடி மேல ஏசி காத்தை நேரா விடாதீங்க.

முன்கண்ணாடி மாத்துற நிலைமை வந்தா, மேல நடுவுல கேமரா இருக்கான்னு பாருங்க. லேன் உதவி, தானியங்கி பிரேக் வேலை செய்றது அந்தக் கேமராவாலதான். கண்ணாடி மாத்தினா அளவுத்திருத்தம் கட்டாயம்: சில வண்டிக்குப் பலகை வச்சு நின்ன இடத்துல, சில வண்டிக்கு ரோட்ல ஓட்டி, சிலதுக்கு ரெண்டும். அதுக்கான வரி எஸ்டிமேட்ல வரணும், முடிச்சதுக்கான அறிக்கை கையில வாங்கணும். யூரித்தேன் பசை காயிற நேரம் பசையோட வகை, வெப்பம், ஈரப்பதத்தைப் பொறுத்தது. பசை டியூப்ல போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாடி வண்டியை எடுக்காதீங்க, ஏன்னா ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடிதான் தாங்கணும். முதல் ரெண்டு நாள் பிரஷர் வாஷ் வேண்டாம், கதவைச் சாத்தும்போது ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்க.

பின்கண்ணாடி டெம்பர்டு, அதாவது உடைஞ்சா சின்னத் துண்டா நொறுங்குற வகை, ரிப்பேரே கிடையாது. புதுசு வாங்கும்போது டிஃபாகர் கம்பி (கண்ணாடில படியுற ஈரப்படலத்தைச் சூட்டால போக்குறது), ஆன்டெனா கோடு, நிறச்சாயல் எல்லாம் பழைய மாதிரியே இருக்கான்னு பாகம் எண்ணோட சரிபாருங்க. துண்டுகள் சீட் பெல்ட் சுருளுக்குள்ள, பின்சீட்டுக்கு அடியில, டிக்கி தண்ணி ஓட்டைக்குள்ள போய் உக்காந்திருக்கும். சீட்டைக் கழட்டித்தான் வாக்யூம் பண்ணணும். அந்தக் கூலியும் கிளைம்ல வரும்.

#12 மின்வண்டி

எங்க வண்டி மின்சார வண்டி, பானட் அலுமினியம்னு கேள்விப்பட்டேன். பி.டி.ஆர். முடியுமா? பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமும் ஒட்டியிருக்கு.

#13 நெம்புகம்பி

முதல்ல காந்தம் வச்சுப் பாருங்க, ஃபிலிம் கீறாம துணில சுத்தி. ஒட்டலைன்னா அலுமினியமா இருக்கலாம். காந்தம் ஒட்டாத பேனல் பிளாஸ்டிக்காவும் இருக்கும், தட்டினா சத்தம் சொல்லிடும்.

அலுமினியத்துல செய்யலாம், ஆனா ஸ்டீல் மாதிரி இல்லை. பழைய வடிவத்துக்குத் திரும்புற குணம் குறைவு, நெம்ப நெம்ப இறுகிக்கிட்டே போகும், ஒரே இடத்துல அதிகம் அழுத்தினா கிழியும். சூடு காட்டி, அகல முனையால, மெதுவாத்தான் வரணும். அலுமினியத்துல பழகின கை வேணும், அதைக் கேட்டுட்டே கொடுங்க.

ஃபிலிம் மேல பசை டேப் இழுத்தா ஃபிலிம்தான் பிரியும். பின்பக்கம் வழி இருந்தா ஃபிலிமோடவே நெம்பலாம். இல்லைன்னா அந்தப் பேனல் ஃபிலிமை எடுக்கணும். ஃபிலிம் போட்ட பில் இருந்து, பாலிசில கூடுதல் பொருத்தமா அறிவிச்சிருந்தா மட்டும்தான் அந்தச் செலவு கிளைம்ல நிக்கும்.

மின்வண்டில லைனிங், டிரிம் கழட்டுறதுக்கு முன்னாடி உயர் மின்னழுத்த லைனைத் துண்டிக்கிற முறை கையேட்டுல இருக்கும். அதைத் தெரியாத கடையில விடாதீங்க.

#14 மதிப்பீட்டுமேசை

பணம் பற்றிய பகுதி.

டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, எவ்வளவு என்று பாருங்கள். ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள் வைத்திருக்கும் பாலிசியும் உண்டு. ஒவ்வொரு ஆலங்கட்டி மழையும் தனி நிகழ்வு. இரண்டு நாளில் இரண்டு மழை அடித்தால் இரண்டு கிளைம், இரண்டு டிடக்டிபிள். சேதம் டிடக்டிபிளை விடச் சற்றுத்தான் அதிகம் என்றால், நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாததற்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இயற்கைச் சேதத்துக்கு போனஸைக் குறைக்காத நிறுவனமும் உண்டு, குறைக்கிற நிறுவனமும் உண்டு. இதைக் கிளைம் பதியும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு இருக்கிறதா, தேய்மானமில்லா கூடுதல் காப்பு எடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

லைனிங் இறக்கிய பிறகு புதுச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கூடுதல் எஸ்டிமேட் போட வேண்டும். படம், எண்ணிக்கை, ஒப்புதல், அதன் பிறகு வேலை. முடித்துவிட்டு பில்லில் ஏற்றினால் அந்தத் தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ரிப்பேர் செலவு வண்டியின் சந்தை மதிப்பில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று அறிவிப்பார்கள். விகிதம் இடத்துக்கு இடம் வேறு. பழைய வண்டிகளில் இது சாதாரணமாக நடக்கும், இன்ஜின் நன்றாக ஓடினாலும். அப்போது வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு சால்வேஜ் மதிப்பை (சேதமான நிலையில் வண்டி விலைபோகும் தொகை) கழித்துத் தொகை வாங்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றில் அது குறிக்கப்படுமா, அடுத்த முறை முழுக் காப்பீடு கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரிப்பேர் செய்யாமல் பணமாக வாங்குவதும் சில பாலிசிகளில் முடியும். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் தேவை. பணத்தை வாங்கிக்கொண்டு ஒடுக்கோடு ஓட்டினால், அடுத்த ஆலங்கட்டிக்குக் கிளைம் போடும்போது பழைய ஒடுக்கு அத்தனையும் கழிக்கப்படும். அப்போது கையில் ஒன்றும் வராது.

பெரிய ஆலங்கட்டி மழைக்குப் பிறகு வெளியூரிலிருந்து ஒடுக்கு எடுக்கும் குழுக்கள் கூடாரம் போட்டு வருவார்கள். அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். கை நல்லதா என்பதைச் செய்து முடித்த வண்டியைக் கோட்டு லைட்டில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் விலகிவிடுங்கள். அந்தத் தொகையை ஒடுக்கு எண்ணிக்கையைக் கூட்டி எழுதித்தான் எடுப்பார்கள். பல நாடுகளில் அது காப்பீட்டு மோசடி, கையெழுத்து உங்களுடையது. கிளைம் உரிமையையே அவர்களுக்கு மாற்றித் தரும் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

#15 இருசக்கரம்

பைக்குக்கு?

#16 நெம்புகம்பி

பெட்ரோல் டேங்க்குல உள்ள கை போகாது. மூடி வாய் வழியா கம்பி எட்டுற ஒடுக்கு கொஞ்சம்தான், அதுக்கும் டேங்க்கைக் கழட்டி, முழுசா வடிச்சு, ஆவி இல்லாம ஆக்கினாத்தான். ஹீட் கன் பக்கத்துலயே வரக் கூடாது. மீதி பசை டேப்தான், வளைவு அதிகம் இருக்கிறதால பாதிதான் வரும். பெரும்பாலும் டேங்க் மாத்துறதுக்கே எஸ்டிமேட் போடச் சொல்லுங்க. மீட்டர் கண்ணாடி, ஹெட்லைட் லென்ஸ்ல முடிவிரிசல் இருக்கான்னும் பாருங்க. விட்டா உள்ள ஈரம் கோத்துக்கும். கார் ஹெட்லைட்டுக்கும் இதே கதைதான்.

#17 நீலக்கார்

எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. வண்டியை எடுக்கப் போகும்போது எதையெல்லாம் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்?

#18 பெயின்ட்பூத்

ராத்திரி எடுக்காதீங்க. கோட்டு லைட் அவங்ககிட்டயே இருக்கும், அதை வச்சு பேனல் பேனலாப் பாருங்க. ஒடுக்கு போயிருக்கணும், அது போக மொட்டும் இருக்கக் கூடாது. மொட்டைத் தேய்ச்சு மறைக்க 2500, 3000 நம்பர் உப்புத்தாளால உரசி பாலிஷ் போடுவாங்க. கொஞ்சம்னா பரவாயில்ல, ஆனா கிளியர்கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான். பக்கத்துல இருக்கிற பரப்புல லேசான ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பு இருந்து, ஒரு வட்டம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா அங்க கிளியர் அதிகம் போயிருக்கு. தடிமன் மீட்டர் கேளுங்க.

#19 நெம்புகம்பி

ஏர்பேக் லைட் ஸ்டார்ட் பண்ணதும் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னாலும் தப்பு, அணையலைன்னாலும் தப்பு. வண்டிக் கம்ப்யூட்டரோட ஸ்கேன் அறிக்கை வேலைக்கு முன்னாடி ஒண்ணு, முடிச்சதும் ஒண்ணு வாங்குங்க. லைனிங் ஓரத்தை, உள்விளக்கு, கைப்பிடி, வெயில் மறைப்பு மாட்டினதை எல்லாம் தொட்டுப் பாருங்க. ரூஃப் நடுவுல உள்ளங்கையால மெல்லத் தட்டினா ஒரே மாதிரி மந்தமான சத்தம் வரணும். ஒரு இடத்துல மட்டும் அதிர்ந்தா அந்தப் பசைப் புள்ளி திரும்ப வைக்கல.

சன்ரூஃப் இருக்குன்னு சொல்லியிருக்கீங்க, அதனால தண்ணி சோதனை கட்டாயம். லைனிங் இறக்கும்போது சன்ரூஃப் வடிகுழாய் நாலும் கையில இடிபடும். ஒண்ணு கழண்டிருந்தா அங்கேயே தெரியாது, முதல் மழையில தூணுக்குள்ள தண்ணி இறங்கி, காலடி விரிப்புக்கு அடியில போய்த் தேங்கும். நிறைய வண்டில ஒயரிங் கனெக்டர் அங்கதான் இருக்கு. சன்ரூஃபைத் திறந்து, ஓரத் தட்டோட நாலு மூலையிலயும் ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. முன் ரெண்டும் முன்கதவுக் கீல் பக்கம், பின் ரெண்டும் பின்சக்கரத்துக்குப் பின்னாடி தரையில சொட்டணும். சில வண்டில வெளிவாய் வேற இடத்துல இருக்கும், அதை அவங்களையே காட்டச் சொல்லுங்க. நாலுலயும் தண்ணி வெளிய வந்து, காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்து உலர்ந்திருந்தா, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.